காய்ச்சல் இல்லாத நோய்

எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் தெர்மாமீட்டர்தான் டாக்டர். அதைப் பிடித்துக்கொண்டு நின்றவர் மருந்து கலந்து கொடுக்கும் வெறும் டிஸ்பென்சர். அவரையும் மரியாதைக்கு டாக்டரையா என்பார்கள். காய்ச்சல் ஏறாதவருக்கு நோய் இல்லை என்பது அவர் சட்டம்.

நான் அங்கே பெரிய கிளாக்கர். ஹட்டனுக்கு மேலே பனி கொட்டும் மாதத்தில் என் மனைவி ஜன்னலைத் திறந்துவைத்து வியர்த்துக்கொண்டிருந்தாள். சட்டிச் சோறு உண்டும் மெலிந்தாள். கை நடுங்கிக் கோப்பை தட்டில் கிடுகிடுத்தது. கழுத்தின் ஒரு பக்கம் நெல்லிக்காய் அளவில் கட்டி.

டிஸ்பென்சர் தெர்மாமீட்டரை அவள் வாயில் வைத்து எடுத்தார்.

"ஒண்ணுமில்லீங்க கிளாக்கரையா. புள்ள இல்லாத ஏக்கம். கழுத்துல சாதாரணக் கழலை, அவ்வளவுதான்."

பாலில் கலந்து குடிக்க அயடின் சொட்டு கொடுத்தார். கழலை என்றால் அயடின். அதற்கு மேல் அவர் படிப்பு போகவில்லை.

குடிக்கக் குடிக்க அவள் நெஞ்சு படபடத்ததில் கட்டில் அசைந்தது. அவர் சொட்டை இரட்டிப்பாக்கினார். இப்படியே போனால் இதயம் தாங்காது, கண்டிக்கு அனுப்புங்கள் என்றேன். அவர் சீட்டுக் கொடுக்காமல் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்க மாட்டார்கள்.

"காய்ச்சல் இல்லாத கேஸ அனுப்புனா தொர என்னையில்ல கேப்பாரு?"

தோட்ட விதிகள் எனக்கு அவரைவிட நன்றாகத் தெரியும். டைபாய்டு சந்தேகம் என்றால் அன்றே லொறியில் ஏற்றியாக வேண்டும். தொழிலாளர் நெருங்கி வாழும் லயங்களில் தொற்றினால் கொழுந்து எடுக்க ஆள் இருக்காது. தோட்டத்தை நடத்தும் துரைக்கு அது ஒன்றுதான் பயம்.

மறுநாள் ஆஸ்பத்திரி வாசலில் பிளாஸ்கிலிருந்து கொதிக்கும் தேநீரை ஊற்றி மனைவியிடம் கொடுத்தேன்.

"நாக்கு வேகுதுங்க."

"வேகட்டும். வாயிலயே வச்சிரு. கூப்புட்டதும் முழுங்கு."

பாதரசத்தைப் பார்த்த டிஸ்பென்சர் இரண்டடி பின்வாங்கினார். லொறி உடனே வந்தது.

கண்டியில் காய்ச்சல் காணாமல் போனதை யாரும் பொருட்படுத்தவில்லை. சர்ஜன் கழுத்தைப் பார்த்துவிட்டார். அந்தக் கட்டி யார் சொல்லையும் கேட்காமல் தைரொயிட் ஹோர்மோனைச் சுரந்து தள்ளுகிறது என்றும், அயடின் அதற்குத் தீனி என்றும் சொன்னார். மாத்திரைகளால் படபடப்பை அடக்கிவிட்டுக் கட்டியை வெட்டியெடுத்தார்.

வீடு திரும்பியதும் டிஸ்பென்சர் வந்தார்.

"அன்னைக்கு நான் காய்ச்சலக் கண்டுபுடிக்கலன்னா அம்மா கதி என்னாயிருக்கும், சொல்லுங்க!"

இதையே துரையிடம் சொல்லிப் பாராட்டும் வாங்கியிருந்தார்.

மனைவி தேநீர் கொண்டுவந்தாள். கோப்பை தட்டில் சத்தமில்லாமல் இருந்தது.

"சூடா இருக்குங்க டாக்டரையா, பாத்துக் குடிங்க" என்று வைத்துவிட்டு, குளிருகிறதென்று போய் ஜன்னலைச் சாத்தினாள்.