பனங்கற்கண்டு டப்பாவில் விழுந்த எறும்பு

நடந்தது இது:

1. டைனோசர் காலத்து எறும்பு ஒன்று உள்ளே உறைந்திருந்த அம்பர் துண்டை வாங்கினேன். அம்பர் என்பது கல்லாக இறுகிப்போன மரப்பிசின். கொண்டைக்கடலை அளவு, தேன் நிறம்.
2. அந்த எறும்பின் தாடை மற்ற எறும்புகளின் தாடைபோலப் பக்கவாட்டில் திறக்காது, மேலும் கீழுமாகத் திறக்கும். நான் உலோகச் சோதனை செய்யும் ஆய்வகத்தின் நுண்ணோக்கியில் அதைப் பார்க்க நினைத்து, எடுத்துப் போக மேசைமேல் வைத்தேன்.
3. அம்மா மேசையைத் துடைத்தார். பனங்கற்கண்டு சிந்திக் கிடக்கிறது என்று அதை எடுத்து டப்பாவில் போட்டார்.
4. அப்பா பாலில் பனங்கற்கண்டு போட்டுக் குடித்தார்.
5. “இன்னைக்குக் கல்கண்டு கரையவே இல்ல. அப்படியே முழுங்கிட்டேன்” என்றார்.

அப்பா லாரி ஓட்டுபவர். இரண்டு கண்ணிலும் புரை. அதைச் சரிசெய்யாமல் வண்டியைத் தொடக்கூடாது என்று கண் மருத்துவர் சொல்லி, வியாழக்கிழமை ஒரு கண்ணுக்கு அறுவை சிகிச்சை என்று முடிவாகியிருந்தது. கண்ணில் கத்தி என்றாலே அப்பாவுக்கு நடுக்கம். ஏற்கெனவே தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தவர்.

எங்கள் குடும்ப மருத்துவருக்குப் போன் செய்தேன். தானாக வெளியே வந்துவிடும், பயமில்லை என்றார். பிறகுதான் வீட்டில் சொன்னேன்.

“அது கல்கண்டு இல்லப்பா. உள்ள டைனோசர் காலத்து எறும்பு ஒண்ணு இருந்துச்சு. அந்த இனமே இப்ப உலகத்துல இல்ல.”

“அத்தன பழசா? கெட்டுப் போயிருக்காதா?” என்றார் அம்மா.

அப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. எங்கள் பக்கம் காப்பியில் எறும்பு மிதந்தால் யாரும் கொட்டுவதில்லை. எறும்பு தின்றால் கண் நன்றாகத் தெரியும் என்று சொல்லிக் குடித்துவிடுவார்கள்.

“சாதா எறும்புக்கே கண்ணு தெரியும்னா, இது எப்பேர்ப்பட்ட எறும்பு சாமி! ஆபரேசன் வேண்டாம்னு சொல்லிரு.”

சோதித்துப் பார்த்துவிடலாம் என்றேன். மறுநாள் காலை வாசலில் நின்றோம். தூரத்தில் ஒரு பஸ் வந்தது.

“நாமக்கல்!” என்றார் அப்பா, கண்ணை இடுக்காமலே.

போர்டில் ஆத்தூர் என்று இருந்தது. சொன்னேன்.

அவர் கொஞ்சமும் அசரவில்லை. “அந்த வண்டி முன்னாடி நாமக்கல்லுக்குத்தான் ஓடுச்சு. பழைய எறும்பு சாமி, பழைய போர்டத்தான் காட்டும்.”

நான் அடுத்த சோதனையை யோசித்துக்கொண்டிருந்தேன். அம்மா துடைப்பத்தை ஓரமாக வைத்துவிட்டு வந்தார்.

“ஏனுங்க, எறும்பு உள்ள இருக்கற வரைக்கும்தானே கண்ணு தெரியும்? அது வெளிய போயிருச்சுன்னா?”

அப்பா வயிற்றைத் தடவிப் பார்த்தார். இந்தக் கோணத்தில் அவர் யோசித்திருக்கவில்லை.

“அது போறதுக்குள்ள ஆபரேசன முடிச்சிரலாமுங்க” என்றார் அம்மா.

“அதுவும் சரிதான் புள்ள” என்று அப்பா உள்ளே போய்ப் பையில் வேட்டி, துண்டு எடுத்துவைத்தார்.

அறுவை சிகிச்சை நாளைக்கு. எறும்பு இன்னும் உள்ளேதான் இருக்கிறது.