எட்டாவது பாட்டுக்கு முன்னால்

எனக்கும் ஒரு ரசிகை இருந்தார். ஒரே ஒருவர்தான், அதுவும் என் சொந்த அத்தை. இருந்தாலும் ரசிகை ரசிகைதானே.

அப்போது எனக்குப் பத்து வயது. ஊரூர் குப்பத்தில் மாமா வீட்டுக்கு அடுத்த வீடு எங்களுடையது. தானே எழுதி, தானே மெட்டமைத்து, தானே பாடும் ஒரு பாடகரின் ஆல்பம் அந்த வருஷம் ஊரையே பிடித்து ஆட்டியது. ஆட்டோவில் அதுதான், டீக்கடையில் அதுதான். மொத்தம் எட்டுப் பாட்டு. மத்தியானம் படகு நிழலில் உட்கார்ந்து வலையின் கிழிசலைத் தைக்கும்போது மாமாவும் போனில் அதைத்தான் ஓடவிடுவார். எனக்கோ எஃப்.எம்.மில் பேசுகிறவனாக வேண்டும் என்று வெறி. ஒவ்வொரு பாட்டின் நிறைகுறையையும் அலசி மாமாவின் போனிலேயே பதிவு செய்து, பேச்சு, பாட்டு, பேச்சு, பாட்டு என்று வரிசையாக அடுக்கினேன். என் குரல் அன்று, காற்று மட்டும் வருகிற கார்ப்பரேஷன் குழாய் மாதிரி இருக்கும்.

தொல்லை என்னவென்றால், மாமா வாயை மூட மாட்டார்.

முதல் பாட்டு மழையைப் பற்றியது. சாரல் எப்படி மனசை நனைக்கிறது என்று நான் ஆரம்பித்தேனோ இல்லையோ, பின்னாலிருந்து ஒரு குரல்: "மன்சு இன்னா நைனா, நம்ம ஊட்டுப் பாயே நனையும். கூர ஒழுவுது." மூன்றாவது, சிக்னலில் பூக்கும் காதல். "உங்க அத்தைய மீன் மார்க்கெட்டுல பாத்தேன். வெல கேட்டேன், திட்டுனா. அன்னிக்கு வுழுந்தவன்தான்." ஐந்தாவதில் பாடகர் கடலைத் தாய்மடி என்கிறார். அந்தக் கவித்துவத்தில் நான் உருகிக்கொண்டிருக்க, மாமா காறித் துப்பியது தெளிவாகப் பதிவானது. "இவன் கடலப் பாத்ததே சுண்டல் துன்ன வந்தப்பதான்டா."

எட்டாவது, கிடார் மட்டும் அழுகிற பாட்டு. நான் மூச்சை இழுப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார். "போதும் நைனா. உங்க அத்தையாண்ட சோறு போடச் சொல்லு. பசி காத அடைக்குது."

அடுத்த வாரம் முகத்துவாரத்தில் மாமாவின் படகு கவிழ்ந்தது. கூடப் போனவர்கள் நீந்திக் கரையேறினார்கள். மாமாவை மறுநாள் திருவான்மியூர்ப் பக்கம் அலை கொண்டுவந்து போட்டது. முகத்தைப் பார்க்கப் பிள்ளைகளை விடவில்லை. சார்ஜ் இல்லையென்று அன்றைக்கு அவர் போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார். அது பிழைத்தது.

காரியம் முடிந்து, சொந்தக்காரர்கள் கலைந்த பிறகு ஒரு மத்தியானம் அத்தை என்னைக் கூப்பிட்டார்.

"நைனா, போன்ல நீ பேசுனியே, அத்தப் போடு."

போட்டேன். என் பேச்சு முடிந்து பாட்டு ஆரம்பித்ததும், "தள்ளு" என்றார். ஊரே கிறங்கிக் கிடந்த பாடகரைத் தள்ளச் சொல்லிவிட்டு என் பேச்சை மட்டும் கேட்கிறார்! எனக்குத் தலைகால் புரியவில்லை. தினமும் கேட்டார். ஒரு வரி விடாமல் கேட்டார். சில இடங்களில் கண்கூடக் கலங்கினார். பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லிச் சொல்லியே நண்பர்களை இழந்தேன்.

அப்பேர்ப்பட்ட ரசிகைக்கு ஏதாவது செய்ய வேண்டாமா?

"அத்தை, மாமா நடுவுல நடுவுல பேசிக் கெடுத்து வச்சிக்கீறாரு. எல்லாத்தையும் அழிச்சிட்டு, நான் மட்டும் சோக்கா பேசித் தரட்டா?"

அத்தை போனைப் பிடுங்கிய வேகத்தில் அவர் நகம் பட்டு என் கையில் ரத்தம் வந்துவிட்டது.

"தொட்டீன்னா கைய ஒடச்சிப் போட்டுருவேன்."

கடலுக்கு முதுகைக் காட்டிச் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பிறகு போனை என்னிடமே நீட்டினார். "நீ பேசுனது நல்லாத்தான் கீது. அப்டியே இருக்கட்டும். போடு."

பெரிய கலைஞர்களின் முதல் முயற்சிக்குத்தான் மவுசு அதிகம் என்று நினைத்துக்கொண்டேன்.

எட்டாவது பாட்டை மட்டும் அத்தை தள்ளச் சொல்ல மாட்டார். அதற்கு முன்னால் மாமா பசிக்கிறது என்றதும் எழுந்து உள்ளே போய்விடுவார். தட்டு வைக்கும் சத்தம் கேட்கும். பானையில் கரண்டி உரசும். எனக்குத்தான் சோறு என்று ஓடிப்போய்க் கை கழுவிக்கொண்டு வந்து உட்காருவேன். கிடார் அழுது முடியும். அத்தை கூப்பிட மாட்டார்.

நிகழ்ச்சி முடிந்ததும் கலைஞனை மறந்துவிடுகிறாரே என்று, ஈரக் கையோடு, எனக்கு அப்படி ஒரு கோபம் வரும்.