பூனைக்கு ஆறு போட்டோ

போன வாரம் ஒரு பூனைக்குட்டியை போட்டோ ஸ்டுடியோவுக்கு அழைத்துக்கொண்டு போனேன். பாஸ்போர்ட் சைஸ். ஆறு காப்பி.

சிரிக்காதீர்கள். என் இடத்தில் இருந்தால் நீங்களும் போயிருப்பீர்கள்.

மனைவியும் மகள் நித்யாவும் லீவுக்குக் கோயம்புத்தூர் போயிருந்தார்கள். மராத்தி பேசும் பிம்ப்ரியில், எங்கள் ஃபிளாட்டில் நானும் என் கவலைகளும் மட்டும். கேஸை மூடினேனா, கதவைப் பூட்டினேனா, பூட்டிய பூட்டை இழுத்துப் பார்த்தேனா... உங்களுக்கும் இதெல்லாம் பழக்கமாயிருக்கும். இந்த முறை புதிதாக ஒன்று சேர்ந்திருந்தது. பூனை.

எங்கள் பால்கனியில், டிவி வந்த அட்டைப்பெட்டிக்குள், ஒரு தெருப்பூனை மூன்று குட்டி போட்டிருந்தது. இரண்டைப் பால்காரர் எடுத்துக்கொண்டு போனார். தாயும் தன் வேலை முடிந்ததென்று அடுத்த பில்டிங்குக்குக் குடிபோய்விட்டது. மிச்சம் ஒன்று. வெள்ளை உடம்பில் சாம்பல் திட்டு. முன்னங்கால் இரண்டும் மட்டும் உடம்புக்குச் சம்பந்தமே இல்லாமல் அகலம். அப்பாவின் செருப்பை மாட்டிக்கொண்டு நடக்கும் குழந்தை மாதிரி இருக்கும். நித்யாவுக்கு அதன்மேல் உயிர்.

எனக்கோ அந்தக் கால்களைப் பார்த்தாலே பகீரென்றது. வீக்கமோ? கதவிடுக்கில் நசுங்கியிருக்குமோ? பூரான் கடித்திருக்குமோ? துணியைச் சூடுபண்ணி ஒத்தடம் கொடுத்தேன். குட்டி அதை விளையாட்டென்று நினைத்துத் துணியைப் பிடுங்கிக்கொண்டு கட்டிலுக்கடியில் ஓடியது. வீக்கம் வற்றவில்லை.

இந்தச் சமயத்தில்தான் எங்கள் ஹவுசிங் சொசைட்டி செக்ரட்டரி வந்து மணியடித்தார். குல்கர்ணி. கீழ்வீட்டுக்காரர், பேங்க்கில் இருந்து ரிடையர் ஆனவர். நின்றபடியே ஹிந்தியில் சொன்னார். பூனை மாடிப்படியை அசிங்கம் செய்கிறதாம். ஞாயிறு சாயங்காலத்துக்குள் அது இந்த பில்டிங்கில் இருக்கக் கூடாதாம்.

நான் "ஜீ" என்றேன். யார் என்ன சொன்னாலும் நான் "ஜீ" என்பேன். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு கவலைப்படுவேன்.

அன்றைக்குச் சாயங்காலம் கோயம்புத்தூரிலிருந்து போன்.

"அப்பா, பூனை என்ன பண்ணுது?"

"இருக்குது சாமி. நல்லா இருக்குது."

"யாருக்கும் குடுத்துறாதீங்க. நான் ஞாயித்துக்கெழமை காலைல வர்றப்ப அது வாசல்ல நிக்கோணும்."

"நிக்கும்."

"உங்க குரலு ஏன் ஒரு மாதிரி இருக்குது?"

"லைன் சரியில்ல சாமி."

காலையில் மகள் வருகிறாள். சாயங்காலம் பூனை போக வேண்டும். நடுவில் நான். சோறு இறங்குமா?

மறுநாள் குல்கர்ணியின் மனைவி மாடிக்கு வந்தார். பில்டிங்கே அவரைக் காக்கூ என்றுதான் கூப்பிடும். மராத்தியில் சித்தி, பெரியம்மா எல்லாம் அந்த ஒரே வார்த்தைக்குள் அடக்கம். காக்கூவுக்கு மராத்தி தவிர வேறெதுவும் வராது. எனக்கு ஃபேக்டரியில் பேசும் ஹிந்தி வரும். மராத்தியில் பஸ் நம்பர் மட்டும் தெரியும். நித்யா மராத்தியில் பொளந்து கட்டுவாள், அவளோ ஊரில்.

காக்கூ நேராக பால்கனிக்குப் போனார். குட்டியைத் தூக்கினார். முன்னங்காலைப் பிரித்துப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. என்னைப் பார்த்து, காது கேட்காதவனிடம் பேசுவதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "சஹா போட்டா."

சஹா என்றால் ஆறு. அது தெரியும். பஸ் நம்பர்.

ஆறு போட்டோவா?

"போட்டோ?" என்றேன்.

"ஹோ, ஹோ, போட்டா," என்று தலையாட்டினார். ஹோ என்றால் ஆமாம். அப்புறம் இடது கையை விரித்து என் முகத்துக்கு நேராகக் காட்டினார். ஐந்தைக் கையால் காட்டுகிறார், ஒன்றை வாயால் சேர்த்துக்கொள்கிறார் என்று புரிந்துகொண்டேன். தொடர்ந்து வேகமாக என்னவோ சொன்னார். அதில் இரண்டு வார்த்தை மட்டும் பிடிபட்டது. சொசைட்டி. ரவிவார். அதாவது ஞாயிற்றுக்கிழமை.

கணக்கு சரியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக்குள் சொசைட்டிக்கு ஆறு போட்டோ கொடுத்தால் பூனைக்குப் பர்மிஷன். பாவம், புருஷனுக்குத் தெரியாமல் வழி சொல்லிக்கொடுக்க மாடியேறி வந்திருக்கிறார், மகராசி.

எதற்கு ஆறு என்று கேட்டிருக்கலாம். படித்தவர்கள் சந்தேகம் வந்தால் கேள்வி கேட்பார்கள். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். எனக்குச் சந்தேகம் வந்தால், கூடுதலாக இரண்டு காப்பி எடுப்பேன்.

மார்க்கெட் பக்கம் ஒரு ஸ்டுடியோ. பிளாஸ்டிக் கூடையில் குட்டியை வைத்து, மேலே துண்டைக் கட்டிக்கொண்டு போனேன். எனக்கு முன்னால் ஒரு பெண், வரன் பார்ப்பதற்காக போட்டோ எடுக்க வந்திருந்தாள். அவளுடைய அம்மா "சிரி, சிரி" என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் சிரிப்பதாக இல்லை.

போட்டோக்காரர் கூடைக்குள் எட்டிப் பார்த்தார். "இதற்கா?"

"ஆமாம். பாஸ்போர்ட் சைஸ். ஆறு."

"வெளிநாடு போகிறதா?"

"இல்லைங்க. சொசைட்டிக்கு."

"ஓ, சொசைட்டியா," என்று அவர் தலையாட்டினார். "சொசைட்டி என்றால் கேட்கத்தான் செய்வார்கள். இரண்டு காதும் தெரிய வேண்டும், நேராகப் பிடியுங்கள்."

பார்த்தீர்களா? அவருக்கும் சந்தேகம் வரவில்லை. ஸ்டுடியோவில் இருந்த யாருக்குமே வரவில்லை. நம் நாட்டில் ஆறு போட்டோ கொண்டு வா என்று சொன்னால் எதற்கு என்று யார் கேட்டிருக்கிறோம்? ரேஷன் கார்டா, பஸ் பாஸா, பிள்ளையை ஸ்கூலில் சேர்ப்பதா... முதலில் போட்டோ. காரணம் மெதுவாக வரும். எனக்கு இருந்த ஒரே பயம், கெஜட்டட் ஆபீசர் கையெழுத்து வேண்டுமோ என்பதுதான்.

ஸ்டூல்மேல் நீலத் துணி. அதன்மேல் குட்டி. விளக்கைப் போட்டதும் அது கொட்டாவி விட்டது. அப்புறம் கேமராமேல் தாவியது. போட்டோக்காரர் "மியாவ்" என்றார். குட்டி அவரைப் பரிதாபமாகப் பார்த்தது. அந்தப் பெண்ணின் அம்மா நாக்கைச் சுழற்றி ஒரு சத்தம் எழுப்பினார், பாருங்கள்... இரண்டு காதும் விறைத்து நின்றன. கிளிக்.

அப்போது அந்தப் பெண் சிரித்தாள். வாய்விட்டு. போட்டோக்காரர் கெட்டிக்காரர், கேமராவை அப்படியே அவள் பக்கம் திருப்பி ஒன்று தட்டிவிட்டார். எப்படியும் நல்ல வரன் அமையும்.

சனிக்கிழமை சாயங்காலம், ஒரு கையில் போட்டோக் கவர், இன்னொரு கையில் குட்டி. குல்கர்ணி வீட்டு மணியை அடித்தேன். அவர்தான் கதவைத் திறந்தார்.

"சஹா போட்டோ," என்று கவரை நீட்டினேன்.

உள்ளே அழைத்துப்போய் உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஆறும் ஒன்றுதானே? பேங்க்கில் இருந்தவர், ஆறையும் பார்த்தார். ஒன்றைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

"இது எதற்கு?"

"பர்மிஷனுக்கு. காக்கூ கேட்டாங்க."

ஹாலில் ஊஞ்சலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்த காக்கூ நிமிர்ந்தார். போட்டோவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஊஞ்சல் நின்றது. அப்புறம் ஆரம்பித்தது பாருங்கள் சிரிப்பு... கடலைத் தட்டு கீழே விழுந்து உருண்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு இடது கையை மறுபடி விரித்தார். மற்ற கையால் ஒவ்வொரு விரலாகத் தொட்டு எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து... சுண்டுவிரலுக்குப் பக்கத்தில், நகத்தோடு, சின்னதாக ஒன்று. ஆறு.

குட்டியின் காலைப் பிடித்து எண்ணினார். ஒவ்வொரு முன்னங்காலிலும் ஆறு.

போட் என்றால் மராத்தியில் விரலாம். பல விரல் என்றால் போட்டா. பஸ்ஸில் வரும் 'ப'வாம், போட்டோவில் வருவது இல்லையாம். நமக்கு எழுதினாலும் படித்தாலும் எல்லாம் ஒரே 'போ'தானே?

நான்கு வருஷமாகக் கீழ்வீட்டில் இருப்பவரின் கையை நான் பார்த்ததில்லை. ஒத்தடம் கொடுத்த பூனையின் விரலையும் எண்ணியதில்லை. எப்போதும் கவலையிலேயே இருப்பவனுக்கு எதையும் பார்க்க நேரம் ஏது?

ஆனால் எனக்கு அடுத்த கவலை வந்துவிட்டது. போட்டோ கேட்கவில்லை என்றால் பர்மிஷனும் இல்லையே. காலையில் மகள் வருகிறாளே.

காக்கூ புருஷன் பக்கம் திரும்பி, "அஹோ," என்று ஆரம்பித்து மளமளவென்று பேசினார். அஹோ என்பது நம் வீட்டு ஏனுங்கதான். காக்கூ என் பக்கம் கையைக் காட்டி ஏதோ அதட்டினார். இவனுக்கும் சொல்லுங்கள் என்று அர்த்தம் போலிருக்கிறது. செக்ரட்டரி தொண்டையைச் செருமிக்கொண்டு, மீட்டிங்கில் தீர்மானம் படிக்கிற குரலில், ஹிந்தியில் மொழிபெயர்த்தார்.

"ஆறு விரல் இருப்பது இந்த பில்டிங்கில் குற்றமென்றால், தானும் ஞாயிறு சாயங்காலம் வீட்டைக் காலி செய்வதாக என் மனைவி சொல்கிறாள்."

காக்கூ இன்னும் ஏதோ சொன்னார். இந்த முறை குல்கர்ணி மொழிபெயர்க்கவில்லை. காக்கூ விடவில்லை.

"என்ன சொல்றாங்க?" என்று நானும் கேட்டுவைத்தேன்.

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "இவளுக்கு நிறைய வரன் தட்டிப்போயிற்று. விரலைப் பார்த்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள். நாங்கள் போனபோது என் அம்மாவும் எழுந்தாள். நான்தான் உட்காரச் சொன்னேன். ஒரு விரல் கூட இருந்தால் உனக்கென்ன நஷ்டம் என்று கேட்டேன்." கண்ணாடியைக் கழற்றினார். "அதையே இப்போது இவள் என்னைக் கேட்கிறாள்."

ரிடையர் ஆன பேங்க் ஆபீசர் வெட்கப்பட்டு நீங்கள் பார்த்ததுண்டா? காது சிவந்துவிட்டது. குட்டி அவர் மடியில் ஏறி, அந்த அகலக் கால்களால் பைஜாமாவைப் பிசைய ஆரம்பித்தது. அவர் தள்ளிவிடவில்லை.

"மாடிப்படி சுத்தமாக இருக்க வேண்டும்," என்றார் கடைசியில். எனக்கு அது உத்தரவாகக் கேட்கவில்லை.

"ஜீ," என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கவலையில்லாமல் சொன்ன ஜீ.

ஞாயிறு காலை ஆட்டோ வந்து நின்றது. குட்டி வாசலில் நின்றது. நித்யா அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு கதை கேட்டாள். போட்டா என்ற இடம் வந்ததும் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் சிரித்த சிரிப்பில் கீழ்வீட்டுக் கதவு திறந்து காக்கூவும் சேர்ந்துகொண்டார். என் மனைவி மட்டும் பெட்டியை இறக்கியபடி, "ஏனுங்க, உங்களத் தனியா விட்டுட்டுப் போனது என் தப்புதானுங்க," என்றாள்.

நித்யா ஒரு போட்டோவை எடுத்து உற்றுப் பார்த்தாள். அப்புறம் மற்ற ஐந்தையும் பார்த்தாள்.

"அப்பா, இத்தனை போட்டோ எடுத்திருக்கறீங்க. ஒண்ணுல கூட வெரலே தெரியலையே?"

பாஸ்போர்ட் சைஸில் விரலை யார் சாமி கேட்கிறார்கள்?