துளிர்த்த துப்பாக்கிகள்

மலாயாவில் ஜப்பான்காரன் காலத்தில் நான் எந்த ஊரிலும் நிலைத்ததில்லை. செர்டாங்கில் சோறு கிடைக்காமல், நடந்தே கோலா கெத்தில் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போனேன். அங்கும் சோறு இல்லை. ரப்பரை வாங்க ஆளில்லாததால் பால்வெட்டு நின்றுபோயிருந்தது. தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தின் கடைசி வீட்டில் ஓர் அக்கா ஒண்ட இடம் கொடுத்தார். அவர் கணவரைச் சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சின்ன மகள் கால் இரண்டும் வீங்கி நடக்க முடியாமல் கிடந்தாள். சத்தில்லாத வீக்கம் என்றார்கள்.

லயத்துக்கு எதிரே ஆற்றோரமாக ஒரு திடல். நல்ல மண். மரவள்ளி போட்டால் லயமே பசியாறும். அக்கா தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியிடம் கேட்டார். கிராணி ஜப்பானிய அதிகாரியிடம் போய்க் கேட்டுவிட்டு வந்தார்.

"அது பட்டாளப் பயிற்சிக்காம். ஒரு குச்சிகூட நடக்கூடாதாம்."

மறுநாளே ஆண்களுக்குப் பயிற்சி. துப்பாக்கி தரமாட்டார்கள், அந்த நீளத்துக்கு ஆளுக்கொரு கட்டை கொண்டுவர வேண்டும். ரப்பர் மரத்தை வெட்டினால் அடி விழும். அதனால் வீட்டுக்குப் பின்னால் நின்ற முருங்கையை வெட்டினோம். காய்ந்த வயிற்றோடு சுமக்க அதுதான் லேசு. பயிற்சி முடிந்ததும் கட்டைகளை வரிசையாக மண்ணில் குத்தி நிறுத்திவிட்டுப் போக வேண்டும். அது அதிகாரியின் ஒழுங்கு.

"ரேஷன் அரிசி எங்கண்ணே?" என்று எங்களை வேலை வாங்கும் கங்காணியைக் கேட்பார் அக்கா.

"முகாமுக்குப் போயிருச்சு. நம்ம துப்பாக்கியைப் பாரு, என்னா மிடுக்கு."

"அவிச்சுத் தின்னலாமா லா?"

அடைமழை பிடித்தது. அதிகாரி சுங்கைப் பட்டாணிக்குப் போய்விட்டார். கட்டைகள் திடலிலேயே நின்றன. ஒரு நாள் அக்கா மடி நிறையக் கீரையோடு வந்தார். துப்பாக்கிகள் துளிர்த்துவிட்டன. முருங்கைப் போத்தை மண்ணில் குத்தினால் தழையும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் துப்பாக்கி என்று சொல்லிச் சொல்லி எங்களுக்கே அது மறந்துபோயிருந்தது. லயம் முழுக்கக் கீரைத் தண்ணீர் குடித்தது. சிறுமியின் கால் வீக்கம் மெல்ல வடிந்தது. இனி அதிகாரி வந்து பிடுங்கச் சொன்னால் என்ன செய்வது என்பதுதான் அக்காவுக்குக் கவலை.

வந்தார். கங்காணிக்கு ஓர் அறை, எனக்கு ஓர் அறை. என் பல் ஒன்று ஆடியது. "நட்டது யார்?" என்றார். "உங்கள் உத்தரவுப்படி குத்தி வைத்ததுதான்" என்று கிராணி மலாயில் பதமாகச் சொன்னார். கட்டைகளைத் தோளில் ஏற்றச் சொன்னார் அதிகாரி. பிடுங்கினோம். வேரும் சேறுமாக வந்தது. தலைக்கு மேல் தழை ஆட நாங்கள் நடந்ததைப் பார்த்து லயத்துப் பெண்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அடுத்த நாள் மேலதிகாரி பார்வையிட வருவதாக இருந்தது. இந்தக் கோலத்தை எப்படிக் காட்டுவார்? கட்டைகளை எறியச் சொல்லிவிட்டு, பயிற்சியை எதுவும் துளிர்க்காத ரப்பர்ப் புகைக்கூடத்துச் சிமெண்டு முற்றத்துக்கு மாற்றினார். திடல் எங்களுக்குக் கிடைத்தது. அன்று மதியமே அக்கா கட்டைகளைத் திரும்ப ஊன்றி, நடுவில் மரவள்ளிக் குச்சி நட்டார்.

பிற்பாடு சுங்கைப் பட்டாணியில் ஒரு காப்பிக்கடையில், நாட்டுக்கு நிறையப் பீரங்கி வாங்க வேண்டும் என்று ஒருவர் பேசிக்கொண்டிருந்தார்.

"வெள்ளைக்காரன்கிட்ட இல்லாத பீரங்கியா? நாம வெட்டின பாலுல வாங்கினதுதானே அண்ணே. சைக்கிள்ல வந்த ஜப்பான்காரனைப் பாத்துப் போட்டுட்டு ஓடினான்" என்றேன்.

"அப்போ நம்மளை யாரு காப்பாத்துறது லா?"

பட்டாளத்துக்குப் போகும் அரிசி லயத்துக்கு வந்திருந்தால் எங்களில் பலர் பிழைத்திருப்பார்கள் என்றேன். நான் கண்டது அதுதான். பிறகு, சண்டை முடிந்த வாரம் நடந்ததைச் சொன்னேன். அதே அதிகாரி, இடுப்பில் வாள் இல்லாமல், திடல் ஓரத்தில் நின்று கையை வாய்க்குக் கொண்டுபோய்க் காட்டினார். அக்கா மகளைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் எழுந்து, முருங்கை வரிசைக்கு நடுவே தன் காலாலேயே நடந்துபோய், அதிகாரி கையில் ஒரு கிழங்கைக் கொடுத்துவிட்டு வந்தாள்.