நிழலா, தண்ணீரா

பாகீரதியின் குடும்பம் பெங்களூருக்கு வந்து மூன்று தலைமுறை ஆகிறது. அப்பா மாநில அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் கன்னடம் என்று வளர்ந்தவள் அவள். எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை. செயற்கைக்கோள் எடுத்த படங்களில் மேகம் எது, மேகத்தின் நிழல் எது என்று கண்டுபிடிக்கிற புரோகிராம் எழுதுவாள். யாராவது என்ன வேலை என்று கேட்டால், "படத்துல இருக்கற அழுக்கைத் துடைக்கறேன்" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவாள். விளக்கி விளக்கி அலுத்துப்போயிருந்தது.

மேகத்தால் அவ்வளவு தொல்லை இல்லை. வெள்ளை வெளேரென்று தானே காட்டிக்கொடுத்துவிடும். நிழல்தான் பிராணனை வாங்கும். சூரியன் எந்தப் பக்கம் என்பது தெரியும். மேகம் எவ்வளவு உயரத்தில் மிதக்கிறது என்பது தெரியாது. உத்தேசமாக ஓர் உயரத்தை வைத்துக்கொண்டு, நிழல் எங்கே விழுந்திருக்கும் என்று தேட வேண்டும். தேடிய இடத்தில் கறுப்பாக எது இருந்தாலும் புரோகிராம் அதை நிழல் என்று பிடித்துக்கொள்ளும். ஏரியும் கறுப்புதான். மழையில் ஊறிய கரிசல் மண்ணும் கறுப்புதான்.

அந்த ஆகஸ்டில் வட கர்நாடகத்தில் ஆறு கரை உடைத்தது. எங்கெங்கே தண்ணீர் நிற்கிறது என்று ஒரு தாலுகா அலுவலகத்துக்கு வரைபடம் போட்டுத் தரும் வேலை பாகீரதியின் நிறுவனத்துக்கு வந்தது. தண்ணீர் என்றால் நீலம், காய்ந்த நிலம் என்றால் பச்சை. மேகத்தைத் துளைத்துப் பார்க்கும் ரேடார் படம் இருந்தது. ஆனால் அது வெள்ளத்துக்கு முன்பே எடுத்தது. அடுத்தது வரும்வரை காத்திருக்க யாருக்கும் பொறுமை இல்லை. கைக்குக் கிடைத்த சாதாரணப் படத்தில் பாதிக்கு மேல் பஞ்சுப்பொதியாக மேகம். அதை வைத்துத்தான் வரைபடம் போனது.

மறுநாள் காலை தாலுகா அதிகாரி போனில் கன்னடத்தில் கத்தினார். நீலம் என்று காட்டிய இடத்துக்கு லாரியில் படகை ஏற்றிக்கொண்டு போனார்களாம். அங்கே துவரைச் செடி ஜம்மென்று நின்றிருக்கிறது. படகைச் செடி மேல் ஓட்டட்டுமா என்று கேட்டார். பாகீரதி படத்தைத் திறந்து பார்த்தாள். மேகத்தின் நிழல், புரோகிராம் தேடிய இடத்துக்குத் தள்ளி ஈரக் கரிசல் மேல் விழுந்து, அச்சாக ஏரி மாதிரி இருந்தது. மன்னிப்புக் கேட்டாள்.

புரோகிராமை இறுக்கினாள். மேகத்தின் பக்கத்தில் கறுப்பாக இருப்பதெல்லாம் நிழல், தண்ணீராக எண்ணாதே. இரண்டாவது வரைபடம் போனது. இந்த முறை அதிகாரி கத்தவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. ஆற்று வளைவில் ஒரு குடியிருப்பே தண்ணீரில் நிற்கிறது, ஜனங்கள் பள்ளிக்கூடத்தில் படுத்திருக்கிறார்கள், உங்கள் படத்தில் அது காய்ந்த நிலம் என்றார். நிவாரணத்துக்கு அந்த ஊரின் பெயர் போகவே இல்லை.

பாகீரதி நேரே சுஹாஸின் அறைக்குப் போனாள். நிறுவனம் அவனுடையது, வயதில் அவளுக்கு இளையவன்.

"சுஹாஸ், மூணாவதா ஒரு கலர் வேணும். சாம்பல். நிழலா தண்ணியான்னு சொல்ல முடியாத இடத்துக்கெல்லாம் அதைப் போட்டுடலாம்."

"மேடம், தெரிஞ்சுக்கத்தானே நம்மகிட்ட வர்றாங்க? தெரியலைன்னு மேப் போட்டுக் குடுத்தா சிரிப்பாங்க."

"இப்ப குடுத்திருக்கறது பொய். அதுக்கு அவங்க சிரிக்கலை, திட்டறாங்க."

"இன்னும் கொஞ்சம் ட்யூன் பண்ணிப் பாருங்களேன்."

"எதைப் பண்றது? இந்தப் பக்கம் இழுத்தா படகு வயல்ல நிக்கறது. அந்தப் பக்கம் இழுத்தா ஜனங்க தண்ணியில நிக்கறாங்க."

"ரெண்டே கலர், மேடம். ப்ளீஸ்" என்று சொல்லிவிட்டு அவன் மடிக்கணினிக்குத் திரும்பிக்கொண்டான்.

வீட்டில் கணவர் வெங்கடராமன் சாப்பிட உட்கார்ந்தபடி கேட்டார். "ரெண்டு நாளா மூஞ்சியைத் தூக்கி வெச்சுண்டிருக்கே. ஆபீஸ்ல யாரோட சண்டை?"

"சண்டை போட ஆள் இருந்தாத் தேவலையேன்னா. மேகத்தோட எப்படிப் போடறது?"

"மழைக்காலம்னா அப்படித்தான் இருக்கும். நீ என்ன பண்ணுவே, விட்டுத் தள்ளு."

ஆறுதலுக்குத்தான் சொன்னார். பாகீரதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விட்டுத் தள்ளுகிறவர்கள் யாரும் பள்ளிக்கூடத்தில் படுத்திருக்கவில்லை. கரண்டியை நங்கென்று வைத்துவிட்டு எழுந்து போனாள்.

மூன்றாவது வரைபடத்தில், யாரையும் கேட்காமல், சாம்பலைப் போட்டாள். அனுப்பிவிட்டுத் தானே அதிகாரிக்குப் போன் செய்து, சாம்பல் இருக்கும் இடம் எங்களுக்குத் தெரியாது, ஆள் போய்ப் பார்க்க வேண்டும் என்றாள். ஆளே போய்ப் பார்க்க வேண்டுமென்றால் நீங்கள் எதற்கு அம்மா என்று அவர் கேட்டார். எல்லா ஊருக்கும் அலைய வேண்டாம், இந்த இடங்களைப் பார்த்தால் போதும் என்று சொல்லிப் பார்த்தாள். தன் குரல் தனக்கே கெஞ்சுவது போலக் கேட்டது.

முணுமுணுத்துக்கொண்டே அவர் கிராமக் கணக்கர்களை அனுப்பினார். சில இடங்களில் தண்ணீர், சில இடங்களில் வெறும் கரிசல். ஆற்று வளைவுக் குடியிருப்பு நிவாரணத்தில் சேர்ந்தது. அதைக்கூட யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. அதிகாரி வேறு எதற்கோ கூப்பிட்டபோது பேச்சோடு பேச்சாக வந்தது.

சுஹாஸுக்கு விஷயம் தெரிந்தபோது முகம் சிவந்தது. "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, மேடம்?"

"கேட்டேன். வேண்டாம்னீங்க."

வேலையை விட்டு அனுப்பவில்லை. அந்த புரோகிராமைத் தொட வேறு ஆள் இல்லை. ஆனால் கர்நாடகத்தின் மேற்கே மலைநாட்டில் இதே மாதிரி அடுத்த வேலைக்கு ஒப்புக்கொண்டபோது, இரண்டு நிறம் மட்டும்தான் என்று வாடிக்கையாளரிடம் முதலிலேயே வாக்குக் கொடுத்துவிட்டான். கூட்டத்தில் பாகீரதி மறுத்துப் பேசினாள். படகையும் சொன்னாள், பள்ளிக்கூடத்தையும் சொன்னாள். மற்றவர்கள் ஆளுக்கொரு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "பாயின்ட் நோட்டட்" என்று சொல்லி சுஹாஸ் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டான்.

இடத்துக்கு வந்து மலைநாட்டுப் படத்தைத் திறந்தாள். ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை வெள்ளை. அடியில் மலை இருக்கிறது என்று ஆண்டவன் சொன்னால்தான் உண்டு.

பக்கத்து நாற்காலி லவினா எட்டிப் பார்த்தாள். "நாளைக்கு இன்னொண்ணு வரும், மேடம்."

"அதுவும் இப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, மேகம் விலகுகிற நாளுக்காவது ஆகட்டும் என்று பாகீரதி நிழலைத் தேடும் பகுதியை மறுபடி முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.