காப்பி மரம்

எங்கள் அப்பாவுக்குப் பிழைக்கத் தெரியாது என்ற செய்தியை விவரம் தெரிந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். சொன்னது அம்மா. அடுப்பு புகைந்தாலும், கூரைத் தகரம் ஒழுகினாலும், ஆட்களை மேற்பார்க்கிற மேஸ்திரி வேலை வேறு யாருக்கோ போனாலும், சுற்றிச் சுற்றி அந்த இடத்துக்குத்தான் வந்து சேருவாள். "பொழைக்கத் தெரியாத மனுசங்கிட்ட வந்து மாட்டிக்கிட்டேன்." அப்பா வாசற்படியில் உட்கார்ந்து கத்தியைத் தீட்டிக்கொண்டிருப்பார்.

மலைமேல், நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் இருந்தோம். எண்பதுகளின் தொடக்கம், எனக்கு எட்டு வயது. ஒட்டி ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று எங்களுடையது. வேலை இருக்கும்வரைதான் வீடு. வேலை போனால் சட்டி பானையோடு மலை இறங்க வேண்டியதுதான். இறங்கினால் கீழே எங்களுக்கு ஒரு முழம் நிலம் கிடையாது. மழை பொய்த்த ஏதோ ஒரு வருஷம் சேலத்துப் பக்கமிருந்து பிழைப்புத் தேடி மலையேறிய குடும்பம் எங்களுடையது. அதனால் பிழைப்பு என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் விளையாட்டாகச் சொல்வதில்லை.

அப்பாவுக்குக் கவாத்து வேலை. பழம் பறித்து முடிந்ததும் காப்பிச் செடிகளை வெட்டி ஒழுங்குபண்ணுவதைக் கவாத்து என்பார்கள். காப்பிச் செடியை அதன் போக்குக்கு விடக் கூடாது. நெஞ்சு உயரத்துக்கு மேல் தலை நீட்டினால் கொண்டையை வெட்டிவிட வேண்டும். உள்ளே வீணாய்க் கிளம்பும் குச்சிகளை எடுத்துவிட வேண்டும். பறிக்கிற பெண்களின் கை எவ்வளவு தூரம் எட்டுமோ அவ்வளவுதான் ஒரு செடிக்கு அனுமதித்த உயரம். அப்பாவின் கைவேகம் எஸ்டேட்டில் வேறு யாருக்கும் வராது. அவர் வெட்டிப் போன வரிசை நூல் பிடித்த மாதிரி இருக்கும் என்று ரைட்டரே சொல்வார். எஸ்டேட் ஆபீசில் இருந்துகொண்டு ஆளை வேலைக்குப் பிரித்து அனுப்புகிறவர் ரைட்டர். அவர் வாயிலிருந்து நல்ல வார்த்தை வருவது பெரிய விஷயம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னை மட்டும் கூட்டிக்கொண்டு கடைசிக் காட்டுக்குப் போனார். எஸ்டேட்டில் தோட்டத்தைக் காடு என்றுதான் சொல்வோம். சரிவு முடிகிற இடத்தில் மூன்று ஆள் உயரத்துக்கு ஒரு பெரும் பாறை, அதற்குப் பின்னால் ஓடை. அட்டைக்குப் பயந்து ரைட்டர் அந்தப் பக்கம் கால் வைக்க மாட்டார். பாறையைச் சுற்றிப் போனதும் அப்பா நின்று, மேலே பார் என்பது போல மோவாயை உயர்த்தினார்.

நான் பார்த்தது ஒரு மரம். இலையைப் பார்த்தால் காப்பி இலை. ஆனால் காப்பி என்றால் அம்மாவின் நெஞ்சுக்கு நிற்பதல்லவா! இது அப்பாவையும் தாண்டி, அப்பாவின் தோளில் இன்னொரு அப்பா ஏறி நின்றாலும் எட்டாத உயரத்துக்குப் போய், காப்பிக்கு நிழல் தர நட்ட சவுக்கு மரங்களை விலக்கிக்கொண்டு வெயிலில் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. கிளைகள் அடுக்கடுக்காய் நாலு பக்கமும் இறங்கியிருந்தன. பிறந்ததிலிருந்து காப்பிக்கு நடுவில் வளர்ந்தவள் நான். காப்பி ஒரு மரம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

"ஏனுங்கப்பா, இத மட்டும் ஏன் வெட்டாம உட்டுட்டீங்க?"

"வெட்டாம உட்டா எதுவரைக்கும் போவும்னு பாக்கலாம்னுதான் கண்ணு."

"பாத்து?"

அப்பா கொஞ்சம் யோசித்தார். "பாத்து ஒண்ணுமில்ல. பாக்கறதுதான்."

ஏழு வருஷமாக, ஒவ்வொரு கவாத்துக்கும் அந்த மூலையைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டு, அந்த ஒரு செடியை விட்டுவிட்டு வந்திருக்கிறார். எஸ்டேட்டில் இது சின்னக் குற்றமில்லை. கை எட்டாத உயரத்தில் பழம் நின்றால் பறிக்க முடியாது, பறிக்காத பழத்தில் பூச்சி விழும், விழுந்த பூச்சி காடு முழுக்கப் பரவும். கவாத்துக்காரனே அப்படிச் செய்தான் என்று தெரிந்தால் மறுநாளே கணக்கு முடித்து அனுப்பிவிடுவார்கள். அம்மாவுக்கு இது தெரியும். அந்தக் கோடையில் ஒரு நாள் சாயங்காலம் அது பெரிய சண்டையாக வெடித்தது.

"வயித்துக்குப் பொழைக்க வந்த எடத்துல மரம் வளக்கறாராம் மரம்! ஊடு போயிருமுங்க, தெரியுமா? இந்தப் புள்ளையக் கூட்டிக்கிட்டு எங்க போயி நிக்கறது? அந்த மரம் நிக்கற வரைக்கும் நீங்க பொழைக்கப் போறதில்ல!"

அப்பா அன்றைக்கும் கத்தியைத்தான் தீட்டிக்கொண்டிருந்தார். எனக்குத்தான் பயம் பிடித்துக்கொண்டது.

காரணம் இருந்தது. அதற்குச் சில மாதம் முன்பு, பக்கத்து வீட்டு மாமா சவுக்கு மரத்தில் கிளை கழிக்க ஏறித் தவறி விழுந்துவிட்டார். எஸ்டேட் கம்பவுண்டர் வந்து நாடியைப் பிடித்துப் பார்த்து, வெளியே வந்து, "பொழைக்க மாட்டாருங்க" என்று சொன்னார். அன்று சாயங்காலமே மாமா செத்துப் போனார். ஆகவே அந்தச் சொல்லுக்கு அர்த்தம் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. அப்பா சாகப் போகிறார். மரத்தால் சாகப் போகிறார். அது நிற்கிறவரைக்கும் அவருக்குக் கெடு. அம்மாவுக்கு இது வருஷக்கணக்காகத் தெரிந்திருக்கிறது, சொல்லிச் சொல்லிப் பார்க்கிறாள், அவர் கேட்பதாயில்லை.

அன்றிலிருந்து அவர் சோறு தின்பதை உட்கார்ந்து கவனிக்க ஆரம்பித்தேன். ஒரு கவளம் குறைந்தாலும் எனக்குப் பகீர் என்றது. இருமினால் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன். "புள்ளைக்கு எம்மேல நொம்பப் பாசம் வந்திருச்சு" என்று அவர் சிரித்தார்.

சண்டை நடந்து பத்து நாள் இருக்கும். இடையில் ஒரு நாள் நல்ல மழை பெய்திருந்தது. எங்கள் லைனில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் ரைட்டரிடம்தான் சொல்வோம். அவர்தான் ஜீப்புக்கு ஏற்பாடு பண்ணுவார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையோடு நேராக ஆபீசுக்குப் போனேன். ரைட்டர் மூக்குக்கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார்.

"எங்கப்பா பொழைக்க மாட்டாருங்க" என்றேன்.

அவர் பதறி எழுந்துவிட்டார். "ஏன் கண்ணு, என்ன ஆச்சு? காலைல நல்லாத்தானே வேலைக்கு வந்தாரு!"

"உடம்புக்கு ஒண்ணுமில்லீங்க. மரத்தால தானுங்க. கடைசிக் காட்டுல பாறைக்குப் பின்னால ஒரு காப்பி மரம் இருக்குதுங்க. அத வெட்டிப் போட்டீங்கன்னா எங்கப்பா பொழச்சுக்குவாருங்க."

ரைட்டர் மெல்ல உட்கார்ந்தார். எவ்வளவு உயரம் என்று கேட்டார். நான் மேலே காட்டினேன். பத்தாததற்கு நாற்காலி மேல் ஏறியும் காட்டினேன். வீட்டுக்குத் திரும்பும்போது ஒரு பெரிய வேலையை முடித்துவிட்ட நிம்மதி. அன்று அப்பா இருமியபோது எனக்குப் பயமே வரவில்லை.

மறுநாள் விடியும்போது லைனெல்லாம் மணத்தது. கோடையில் பெய்கிற முதல் நல்ல மழையைப் பூ மழை என்பார்கள். அது பெய்து எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, முந்தின நாள்வரை பச்சையாயிருந்த எஸ்டேட் முழுக்க ஒரே காலையில் வெள்ளையாகப் பூத்துவிடும். அந்த நாள் அன்றைக்கு வந்திருந்தது. சனிக்கிழமை, பள்ளிக்கூடம் விடுமுறை. கவாத்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு ரைட்டர் கடைசிக் காட்டுக்குப் போவதைப் பார்த்து நானும் பின்னாலேயே ஓடினேன். பக்கத்துச் சரிவில் களை எடுத்துக்கொண்டிருந்த அம்மா, அப்பா அந்த வரிசையில் தலையைத் தொங்கப்போட்டுப் போவதைப் பார்த்ததும் களைக்கொத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். மற்ற பெண்களும் வந்தார்கள்.

பாறையைத் திரும்பியதும் முன்னால் போன ரைட்டர் நின்றுவிட்டார். அவர் நின்றதால் எல்லோரும் நின்றோம்.

அந்த மரம் அடியிலிருந்து உச்சிவரை பூத்திருந்தது. ஒரு கிளையிலும் பச்சை தெரியவில்லை. கணுவுக்குக் கணு கொத்துக் கொத்தாய் வெள்ளை. கீழ்க்கிளை பாரத்தால் தரையைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. அங்கிருந்து அடுக்கு அடுக்காக ஏறி, ஏறி, உச்சியில் காலை வெயில் பட்டு, அதற்கு மேல் கண் கூசிப் பார்க்க முடியவில்லை. மரமே முனகுவது போல ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. தேனீக்கள். அத்தனை தேனீக்களும் இந்த ஒரு மரத்துக்காக எங்கிருந்து வந்தனவோ தெரியாது. வாசனை தலையைக் கிறுகிறுக்க வைத்தது.

வருஷா வருஷம் காப்பிப் பூவை நாங்கள் குனிந்துதான் பார்த்திருக்கிறோம். அண்ணாந்து பார்த்தது அன்றைக்குத்தான். ஆண்கள் ஒவ்வொருவராகத் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார்கள். யாரும் சொல்லிச் செய்யவில்லை. மாதா கோயிலுக்குத் தவறாமல் போகிற கிறிஸ்தவரான ரைட்டர், தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.  எனக்கு அழுகை வந்தது. எதற்கு என்று தெரியாததால் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டேன். அம்மா என்னைக் கவனிக்கவில்லை. அவள் அந்த மரத்தைக் கேள்விப்பட்டு ஏழு வருஷம் சண்டை போட்டவளே தவிர, அதுவரை வந்து பார்த்ததே இல்லை.

"எதுக்குய்யா இத உட்டு வெச்சே?" என்று ரைட்டர் கேட்டார். குரலில் கோபம் இல்லை.

"சும்மாதானுங்க" என்றார் அப்பா.

ரைட்டர் தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். "நாளைக்குப் பூ பாக்க மொதலாளி வர்றாரு. மூலை முடுக்கெல்லாம் நடப்பாரு. அவரு கண்ணுல இது பட்டா உன்னைய நான் காப்பாத்த முடியாது. இன்னிக்கே முடிச்சுரு. இவங்க யாரும் எதையும் பாக்கல, நானும் பாக்கல."

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்போதுதான் அம்மா முன்னால் வந்தாள்.

"ஏனுங்க, மூணு நாள்ல பூவு தானாக் கொட்டிருமுங்க. அதுவரைக்கும் உட்டுருங்க. மொதலாளிகிட்ட வேணா நான் சொல்றனுங்க."

"என்னன்னும்மா சொல்லுவே?"

அம்மா வாயைத் திறந்தாள். ஏழு வருஷமாக அப்பாவை வாய் ஓயாமல் திட்டத் தெரிந்தவளுக்கு அந்த மரத்துக்காக ஒரு வார்த்தை வரவில்லை. மரத்தைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், திரும்பவும் மரத்தைப் பார்த்தாள். "ஊடு போனாப் போவுதுங்க" என்று மெல்லச் சொன்னாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நானே வெட்டறனுங்க" என்றார் அப்பா.

மரத்தை ஒருமுறை சுற்றி வந்தார். எந்தச் செடிக்கும் செய்வது போல நெஞ்சோடு உயரம் பார்த்து, அந்த இடத்தில் ரம்பத்தை வைத்தார். கொஞ்சம் சாய்வாக, மழைத்தண்ணீர் தங்காதபடி, பார்த்துப் பார்த்து அறுத்தார். அவ்வளவு மெதுவாக அவர் வேலை செய்து நான் பார்த்ததில்லை. மரம் சாய்ந்தபோது பூவெல்லாம் எங்கள்மேல் கொட்டியது. ரைட்டர் தொப்பியில், ஆண்களின் தோளில், அம்மாவின் தலையில், எங்கும் பூ. தேனீக்கள் சாய்ந்த கிளைகளுக்கு வராமல், மரம் நின்ற உயரத்திலேயே கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டிருந்தன.

எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம். ஓடிப்போய் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டேன்.

"இனிமே நீங்க பொழச்சுக்குவீங்கல்லப்பா? நான்தான் ரைட்டர்கிட்டச் சொன்னேன்!"

அப்பா என்னைப் பார்த்தார்.  பிறகு குனிந்து என் தலையில் ஒட்டியிருந்த பூக்களை ஒவ்வொன்றாக எடுத்தார்.

"பொழச்சுக்குவேன் சாமி" என்றார்.

பிழைத்துக்கொண்டார்தான். வேலை போகவில்லை, வீடு போகவில்லை. அடுத்த வருஷமே அவரை மேஸ்திரி ஆக்கினார்கள். தகரம் மாற்றினோம். நான் படித்தேன், மலை இறங்கினேன், இன்றைக்கு இதை உட்கார்ந்து எழுதுகிற அளவுக்கு வந்திருக்கிறேன். அம்மா அதற்குப் பிறகு எதற்கும் அப்பாவைத் திட்டவில்லை. அது எனக்கு அப்போது பெரிய ஆறுதலாக இருந்தது.

பாறைக்குப் பின்னால் அந்தச் செடி மற்றச் செடிகளைப் போலவே துளிர்த்து, நெஞ்சு உயரத்துக்கு நின்றது. பள்ளிக்கூடம் இல்லாத காலைகளில் அப்பாவோடு நானும் அந்த வழியாகப் போவேன். அங்கே வந்ததும் அவர் நிற்பார். செடியைப் பார்க்க மாட்டார், அதற்கு மேலே பார்ப்பார். நானும் அண்ணாந்து பார்ப்பேன். வெறும் வானம்தான் இருக்கும். இதைப் பார்ப்பதற்கா நிற்கிறார், வேலைக்கு நேரமாகிறதே என்று, அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவேன்.