கோடு போட்ட டம்ளர்

பெங்களூரிலிருந்து மகள் போன் செய்து, நூறு கிராம் ரவை என்றால் எத்தனை கப் என்று கேட்டாள். அதை அந்தப் போனிடமே கேட்டிருக்கலாம். ஏதோ உத்தேசமாகச் சொல்லி வைத்தேன். அடுப்பில் என் ரவையும் வறுபட்டுக்கொண்டிருந்தது. அந்த வாசனையில், அண்ணன் வீடு இருந்த மேலகரம் நினைவுக்கு வந்துவிட்டது. மேலகரம் வந்தால் மதினி வராமல் இருப்பாளா?

அப்போது தென்காசியில் எனக்கு டைப்பிஸ்ட் வேலை. அண்ணன் வீட்டில் தங்கியிருந்தேன். மதினி போடும் சாயங்காலக் காப்பியை நினைத்துக்கொண்டே டைப் அடித்ததில் எத்தனை தப்பு விழுந்ததோ! அண்ணன் சைக்கிள் கடை வைத்திருந்தான். நல்ல சாப்பாட்டுப் பிரியன். ஒரு சாரல் காலத்தில் குற்றாலத்தில் குளித்துவிட்டு வந்தவன், ஈரத் துண்டோடு மயங்கி விழுந்தான். ஆஸ்பத்திரியில் பார்த்தால் சர்க்கரை எக்கச்சக்கம். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அரிசியோ ரவையோ அவலோ, ஒரு வேளைக்கு இத்தனை கிராம்தான், கூடவும் கூடாது, குறையவும் கூடாது என்றார்.

வீட்டில் தராசு ஏது? மதினி கடையில் அந்த எடைக்கு அரிசி வாங்கி, ஒரு எவர்சில்வர் டம்ளரில் கொட்டி, அது நின்ற இடத்தைப் பார்த்து வைத்துக்கொண்டாள். ரவைக்கும் அவலுக்கும் அதே அளவுதான். அவல் உப்புமா செய்த ஒரு காலையில், கடையில் அண்ணனுக்குக் கை நடுங்கி, உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. பக்கத்துக் கடைக்காரர் சீனித்தண்ணி கொடுத்து வீட்டில் கொண்டுவந்து விட்டார். மாத்திரை போட்ட வயிற்றுக்குச் சாப்பாடு பத்தவில்லை.

மதினி அழுவாள் என்று நினைத்தேன். அவளோ ஒரு கையில் அரிசியும் மறுகையில் அவலும் அள்ளிவைத்து, கனம் பார்த்தாள்.

"டம்ளர் ஒண்ணுதான் ஏட்டி. அவல்ல பாதி காத்துல்லா இருக்கு," என்றாள்.

அன்றைக்கே டம்ளரோடு பலசரக்குக் கடைக்குப் போனோம். அரிசி, ரவை, அவல், கேப்பை மாவு எல்லாவற்றையும் டாக்டர் சொன்ன எடைக்குத் தனித்தனியாக நிறுத்துத் தரச் சொன்னாள். கடை அண்ணாச்சி முதலில் முழித்தார். விஷயம் தெரிந்ததும், காத்திருந்தவர்களைப் பொறுக்கச் சொல்லிவிட்டு, நிதானமாக நிறுத்தார். ஒவ்வொன்றையும் டம்ளரில் கொட்டி, அது நின்ற இடத்தில் மதினி ஆணியால் கோடு கிழித்தாள். மாவைத் தட்டினால் இறங்கிவிடும், தட்டாமல் அளக்க வேண்டும் என்பதையும் அங்கேயே கண்டுபிடித்தாள். அவலுக்குக் கோடு போட டம்ளரில் இடமே இல்லை. அது தலை தட்டி ஒன்று, அதற்கு மேல் ஒரு கை.

அண்ணன் என்னிடம் புலம்பினான். "உங்க மதினி டம்ளர்ல கோடு கிழிச்சு எனக்கு எல்லை போடுதா."

ஆனால் அந்த எல்லையைத் தாண்டவில்லை. கீழப்பாவூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோதுகூட மதினியின் பையில் டம்ளர் வந்தது. சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். அவளும் கூடவே சிரித்துக்கொண்டு, தனியாக அளந்து வடித்துப் போட்டாள். அதற்குப் பிறகு அவன் ஒருநாளும் மயங்கி விழவில்லை. பேரப்பிள்ளைகளைத் தோளில் வைத்து அருவிக்குக் கூட்டிப்போகும் வரை இருந்தான்.

இப்போது அந்தப் பலசரக்குக் கடை இல்லை. எல்லாம் பாக்கெட். அண்ணனும் இல்லை. போன மாதம் மதினியைப் பார்க்கப் போயிருந்தேன். உலை கொதித்ததும் அரிசியைக் கையால் அள்ளிப் போட்டாள். நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டாள்.

"இனி யாருக்கு அளக்கணும்? கையில வந்ததப் போடுதேன்," என்றாள்.